பின்வந்த வாசகரும் முரண்படும் சாட்சிகளும்: எல்டர் ஸ்க்ரோல்ஸ் கணினி விளையாட்டுத் தொடரின் கதையுலக வரலாற்றை அறியும் முறை

முன்னுரை

பல ஆண்டுகளாக வளர்ந்துவந்த ஒரு கற்பனைக் கதையுலகுக்குள் இடையில் நுழைபவர் எழுப்பும் முதல் வினா, இதுவரை என்ன நடந்தது என்பதாகும். தொடர்கதையாயினும் திரைப்பட வரிசையாயினும், இவ்வினாவுக்குக் கதைச்சுருக்கம் ஒன்று பெரும்பாலும் போதுமானது. கணினி விளையாட்டுத் தொடர்களிலும் இதே வழக்கம் நிலவுகிறது. புதிய ஆட்டத்தைத் தொடங்குமுன் அந்த உலகின் மன்னர்கள், போர்கள், தெய்வங்கள் பற்றித் தெரிந்துகொள்ள விரும்புவோர் ஒரு காணொளியையோ சில பக்கச் சுருக்கத்தையோ நாடுகின்றனர். ஆட்டக்காரர்கள் ‘லோர்’ என வழங்கும் இச்செய்தித் தொகுதி இக்கட்டுரையில் ‘கதையுலக வரலாறு’ எனக் குறிக்கப்படுகிறது.

எல்டர் ஸ்க்ரோல்ஸ் தொடரில் இவ்வழக்கம் போதிய பயன் தருவதில்லை. அதன் கதையுலக வரலாறு மிகப் பெரியது என்பது மட்டும் இதற்குக் காரணமன்று. அவ்வரலாறு நிகழ்ச்சிகளின் கோவையாக அன்றி, ஒன்றையொன்று மறுக்கும் நூல்களின் தொகுதியாகவே ஆட்டக்காரரின் கைக்கு வருகிறது. அந்நூல்களை ஒரே கதையாகச் சுருக்குபவர், தாம் அறியாமலேயே அவற்றுள் ஒரு தரப்பின் வழக்கறிஞராகிவிடுகிறார். ஆகவே இத்தொடருக்குப் பின்வந்த வாசகருக்கு வேண்டுவது நிகழ்ச்சிப் பட்டியலன்று, சாட்சிகளை எடைபோடும் பயிற்சியே என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

தொடரும் அதன் நூல்களும்

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் இயங்கும் பெதஸ்டா நிறுவனம் இத்தொடரின் முதல் ஆட்டமான அரீனாவை 1994இல் வெளியிட்டது. தொடர்ந்து டாகர்ஃபால் (1996), மோரோவிண்ட் (2002), ஒப்ளிவியன் (2006), ஸ்கைரிம் (2011) ஆகியவை முதன்மை ஆட்டங்களாக வந்தன. 2014இல் பலர் இணைந்து ஆடும் எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன் வெளிவந்தது. இவை அனைத்தும் டம்ரியெல் என்னும் கண்டத்தில் நிகழ்கின்றன.

டம்ரியெலின் காலம் ஊழிகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. முதல் ஊழி 2920 ஆண்டுகளும், இரண்டாம் ஊழி 896 ஆண்டுகளும், மூன்றாம் ஊழி 433 ஆண்டுகளும் நீடித்தன. ஸ்கைரிம் ஆட்டம் நான்காம் ஊழியின் 201ஆம் ஆண்டில் நிகழ்கிறது. ஆக, ஆண்டுக்கணக்கு தொடங்கியபின் 4450 ஆண்டு வரலாறு ஸ்கைரிமுக்குப் பின்னணியாக நிற்கிறது. வெளியீட்டு வரிசையும் கால வரிசையும் பொருந்துவதில்லை. 2014இல் வெளிவந்த ஆட்டம் இரண்டாம் ஊழியின் 582ஆம் ஆண்டில், அதாவது ஸ்கைரிமுக்கு ஏறத்தாழ 950 ஆண்டுகளுக்கு முன், நிகழ்வதாக அமைந்துள்ளது.

இவ்வளவு நெடிய காலத்தை ஆட்டங்கள் காட்சிகளாகக் காட்டுவது அரிது. மாறாக, ஆட்டத்தின் உள்ளேயே படிக்கத்தக்க நூற்றுக்கணக்கான நூல்கள் வைக்கப்பட்டுள்ளன. வீடுகளின் அலமாரிகளிலும் கோயில்களிலும் கல்லறைகளிலும் கொள்ளையர் குகைகளிலும் அவை கிடக்கின்றன. வரலாறு, வாழ்க்கை வரலாறு, சமயப் போதனை, பயணக் குறிப்பு, நாடகம், சமையற்குறிப்பு எனப் பல வகை நூல்கள் அவற்றுள் உண்டு. பெரும்பாலானவற்றுக்கு ஆசிரியர் பெயர் உண்டு. அவ்வாசிரியர்களுக்கு இனமும் சமயமும் புரவலரும் உண்டு. முதல் ஊழியின் இறுதி ஆண்டை விரிவாகக் கூறும் 12 தொகுதி நூல் ஒன்று பல ஆட்டங்களில் காணப்படுகிறது. அரசியற் கொலையும் அரண்மனைச் சூழ்ச்சியும் நேரில் கண்டவர் கூறுவதுபோல் அதில் விவரிக்கப்படுகின்றன. ஆனால் அது கார்லோவாக் டவுன்வே என்னும் கற்பனை ஆசிரியர் எழுதிய வரலாற்றுப் புதினம். புனைவுக்குள் இருக்கும் புனைவை வரலாறாக எடுத்துக்கொள்ளும் பிழை, அதன் முகப்பைக் கவனிக்காத வாசகருக்கு எளிதில் நேரும்.

செம்மலைப் போர்: ஒரு மரணம், பல சாட்சிகள்

முரண்படும் நூல்களின் இயல்பை மோரோவிண்ட் ஆட்டத்தின் மையச் சிக்கல் தெளிவாக்குகிறது. டன்மர் என்னும் கரிய எல்ஃப் இனத்தாரின் முன்னோருக்குத் தலைமை தாங்கியவன் நெரெவார். அவன் ட்வெமர் இனத்தாரோடு செம்மலையில் நிகழ்த்திய போரின் முடிவில் இறந்தான். எவ்வாறு இறந்தான் என்பதே வினா.

டன்மரின் கோயில் மரபு, நெரெவார் போரில் பட்ட காயங்களால் இறந்தான் என்கிறது. அவனுடைய துணைவர்களான அல்மலெக்ஸியா, சோத்தா சில், விவெக் ஆகிய மூவரும் தம் தவத்தாலும் நற்பண்பாலும் தெய்வநிலை எய்தினர் என்பது அதன் தொடர்ச்சி. சாம்பல் நிலங்களில் அலையும் நாடோடிக் குடிகளின் மரபு வேறு கூறுகிறது. மூவரும் நெரெவாரை நஞ்சிட்டுக் கொன்றனர், பின்னர் செம்மலையில் இருந்த இறந்த தெய்வத்தின் இதயத்திலிருந்து ஆற்றலைக் களவாடினர் என்பது அம்மரபு. இவ்விரண்டாம் மரபைக் கூறும் நூலைக் கோயிலே தன் மறைநூற் காப்பகத்தில் பூட்டி வைத்திருந்தது. விவெக் தன் வாயால் கூறுவதாக மூன்றாவது சான்று ஒன்றும் உண்டு. வடபுல நோர்ட் மக்களின் பாடல்களிலோ அதே போர் தங்கள் மன்னன் வுல்ஃப்ஹார்த்தின் கதையாக மாறி, நெரெவார் ஓரத்துக்குத் தள்ளப்படுகிறான்.

போரின் மறு தரப்பைக் கேட்க வழியில்லை. ட்வெமர் இனம் முழுவதும் அப்போரின்போது ஒரே கணத்தில் மறைந்துவிட்டது. எஞ்சிய ஒரே ட்வெமரான யாக்ரும் பாகார்ன் ஆட்டத்தில் உயிருடன் காணப்படுகிறான். எனினும் அவன் அவ்வேளையில் வேறோர் உலகில் இருந்தமையால் தன் இனத்துக்கு நேர்ந்ததை அவனும் அறியான். கடைசிச் சாட்சியைக் கண்டுபிடித்தபின்னரும் சாட்சியம் கிட்டாத நிலை இது.

விவெக் இயற்றியதாக 36 போதனைகள் நாடெங்கும் சிதறிக் கிடக்கின்றன. மைக்கேல் கர்க்பிரைட் எழுதிய இப்பகுதி தொடரின் மிகக் கடினமான உரைநடை எனலாம். விவெக் பிறவியிலேயே தெய்வம் என்ற தோற்றத்தை இப்போதனைகள் வளர்க்கின்றன. ஆனால் 29ஆம் போதனையில் தரப்பட்டுள்ள எண்களைக் கொண்டு ஒவ்வொரு போதனையிலும் குறிப்பிட்ட சொல்லைத் தெரிந்தெடுத்துக் கோத்தால் வேறொரு செய்தி கிடைக்கிறது. தான் தெய்வமாகப் பிறக்கவில்லை என்றும், தெய்வநிலையைக் களவாடியதோடு தன் தலைவனைக் கொன்றதும் தன் விருப்பத்தாலேயே என்றும் விவெக் அதில் ஒப்புக்கொள்கிறான். கோயிலின் புனித நூலே கோயிலின் கோட்பாட்டை மறுக்கும் வாக்குமூலத்தை உள்ளே மறைத்து வைத்திருக்கிறது.

இங்கு ஆட்டத்தின் அமைப்பும் நோக்கத்தக்கது. இப்போதனைகளுள் பலவற்றைத் திறந்த மாத்திரத்தில் ஆட்டக்காரரின் திறன் ஒன்று உயரும். எனவே நூலைத் திறந்து, பயனைப் பெற்று, ஒரு வரியும் படியாமல் மூடிவிடுதல் இயலும். பெரும்பயன் தேடி நூலைத் திறப்பவருக்கும் நூலைப் படிப்பவருக்கும் உள்ள வேறுபாட்டை ஆட்டமே இவ்வாறு சோதிக்கிறது.

நெரெவாரின் மரணம் வெறும் பழங்கதையன்று. ஆட்டக்காரர் ஏற்கும் கதைமாந்தர் நெரெவாரின் மறுபிறவி என்று கூறப்படுகிறார். ஆயின் கொலை நடந்ததா என்று ஆராய்பவரே கொல்லப்பட்டவராகவும் இருக்கக்கூடும். அம்மறுபிறவிக் கூற்றையும் ஆட்டம் ஐயத்துக்கு அப்பாற்பட்டதாக ஆக்குவதில்லை. விவெக்கை நேரில் சந்தித்துக் கேட்டாலும் ஐயம் தீரும்படியான விடை கிடைப்பதில்லை. இந்நிலையில், ‘மூவரும் நெரெவாரைக் கொன்றனர்’ என ஒரு சுருக்கம் எழுதுமானால் அது நாடோடிகளின் தரப்பை உண்மையாக்குகிறது. ‘நெரெவார் போரில் மாண்டான்’ என எழுதுமானால் கோயிலின் தரப்பை உண்மையாக்குகிறது. இரண்டிலும் ஆட்டக்காரர் எடுக்கவேண்டிய முடிவு அவருக்கு முன்பே எடுக்கப்பட்டுவிடுகிறது.

பாடபேதம் என்னும் கருவி

ஏட்டுச் சுவடிகளிலிருந்து அச்சுக்கு வந்த தமிழ் நூல்களின் பதிப்பு வரலாறு, மூலம், பாடபேதம், இடைச்செருகல் முதலிய சொற்களைத் தமிழ் ஆய்வாளர்க்குப் பழக்கமாக்கியுள்ளது. ஒரே குறளுக்குப் பல உரைகள் நிற்பதும், அவ்வுரைகள் தம்முள் மாறுபடுவதும் தமிழ் வாசகருக்குப் புதியனவல்ல. இச்சொற்களை எல்டர் ஸ்க்ரோல்ஸ் நூல்களுக்குப் பயன்படுத்துவது வெறும் உவமையாகாது. அந்நூல்களிடையே மெய்யான பாடபேதம் உண்டு.

மோரோவிண்டின் அரசியாயிருந்த பாரன்ஸியாவைப் பற்றி இரு வாழ்க்கை வரலாறுகள் உள்ளன. ஒன்று பேரரசின் எழுத்தர் ஸ்டெர்ன் கேம்போஜ் இயற்றியதாகக் கூறப்படும் மூன்று தொகுதி நூல். மற்றொன்று ‘உண்மையான பாரன்ஸியா’ என்னும் பொருளுடைய தலைப்பைக் கொண்டது. பேரரசின் நூல் மறைக்கும் இளமைக்கால வறுமையையும் காதல்களையும் சூழ்ச்சிகளையும் இரண்டாம் நூல் வெளிப்படுத்துகிறது. இது 1996இல் டாகர்ஃபால் ஆட்டத்தில் இடம்பெற்றபோது அதில் வெளிப்படையான பாலியற் பகுதிகள் இருந்தன. பிந்தைய ஆட்டங்களில் அவை நீக்கப்பட்டன. அரசவை விரும்பாத நூல் என்று கதையுலகில் கருதப்படும் ஒன்று, கதையுலகுக்கு வெளியிலும் தணிக்கைக்கு உட்பட்டது. டாகர்ஃபாலைப் படித்தவரும் ஸ்கைரிமைப் படித்தவரும் ஒரே தலைப்பில் வெவ்வேறு பாடங்களைப் படித்துள்ளனர். எந்த ஆட்டத்துப் பாடம் என்று கூறாத மேற்கோள் இத்துறையில் அரைகுறை மேற்கோளே ஆகும்.

நூல் கிடைக்கும் இடமும் அதன் பொருளின் ஒரு பகுதி. கோயில் மறைத்த ஏடு கோயிலைப் பிரிந்த துறவிகளின் மடத்தில் கிடைப்பதற்கும், பேரரசின் கடைத்தெருவில் கிடைப்பதற்கும் வேறுபாடு உண்டு. ஸ்கைரிம் ஆட்டத்து நூல்கள் மூன்று அச்சுத் தொகுதிகளாகவும் வெளிவந்துள்ளன. நூலகங்களுக்கு அவை பயன்மிக்கவை. எனினும் அச்சில் எல்லா நூல்களும் ஒரே தாளில், ஒரே தகுதியோடு, அடுத்தடுத்து நிற்கின்றன. யாருடைய அலமாரியில் எது இருந்தது என்னும் சான்று அங்கே இழக்கப்படுகிறது.

சிரோடீலில் காடு இருந்ததா?

1998இல் வெளிவந்த ரெட்கார்ட் ஆட்டத்தோடு ‘பேரரசின் கையேடு’ என்னும் சிறுநூல் ஒன்று வழங்கப்பட்டது. டைபர் செப்டிம் பேரரசனின் ஆட்சியில் வெளியிடப்பட்ட நில நூல் என்ற பாவனையில் அது அமைந்துள்ளது. வெல்லப்பட்ட நாடுகளைப் பற்றிய அதன் விவரணைகள் வென்றவரின் குரலில் ஒலிக்கின்றன. நூலின் ஓரங்களிலோ எல்ஃப் இனத்தவர் ஒருவர் கையால் எழுதிய குறிப்புகள் அச்சிடப்பட்டுள்ளன. அக்குறிப்புகள் நூலின் கூற்றுகளை எள்ளியும் மறுத்தும் செல்கின்றன. தொடரின் வரலாறு முதன்முதலாக விரிந்த வடிவில் தரப்பட்டபோதே மறுப்பும் உடன் அச்சிடப்பட்டது என்பது கருதத்தக்கது.

பேரரசின் நடுப்பகுதியான சிரோடீல் முடிவற்ற வெப்பமண்டலக் காடு என அக்கையேடு கூறியது. 2006இல் ஒப்ளிவியன் வெளிவந்தபோது சிரோடீல் புல்வெளியும் மிதமான தட்பவெப்பக் காடுகளுமாகக் காட்சி தந்தது. காடு எங்கே போயிற்று என்ற வினாவுக்குப் பின்வந்த ஆட்டங்கள் விடை கூற முற்பட்டன. ஸ்கைரிமின் தெருவில் முழங்கும் ஹைம்ஸ்கர் என்னும் பூசகனின் பேச்சில், தெய்வமாக உயர்ந்த டைபர் செப்டிம் தன் படைவீரர்களுக்காகக் காட்டையே மாற்றிய செய்தி வருகிறது. எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன் ஆட்டத்திலோ டானெத் நகரத்துச் சின்னபார் சீமாட்டி எழுதிய ஆய்வுக் கட்டுரை ஒன்று இடம்பெறுகிறது. பழைய குறிப்புகளில் வரும் காடு படியெடுத்தோர் பிழையா, அன்றி நிலமே மாற்றமுற்றதா என்னும் வினா அதில் அலசப்படுகிறது. அவ்வாட்டம் டைபர் செப்டிமுக்கு முற்பட்ட காலத்தில் நிகழ்வது. அப்போதே சிரோடீலில் வெப்பமண்டலக் காடு இல்லை. ஆகவே பூசகனின் விளக்கம் கால வரிசையோடு மோதுகிறது.

வடிவமைப்பாளர்கள் தம் முடிவை மாற்றிக்கொண்டமையே இம்முரணுக்கு அடிப்படை என்று கூறிவிடலாம். அது உண்மையே. ஆனால் அம்மாற்றத்தை அவர்கள் அழித்தெழுதவில்லை. பக்தருக்கு அது அற்புதம், அறிஞருக்கு அது பாட ஆய்வுச் சிக்கல் என்று இருவேறு வாசகர்களிடம் பகிர்ந்தளித்தனர். உருவாக்கத்தில் நேர்ந்த பிசகு கதையுலகில் சமய வரலாறாக மாறிய விதம் இது.

முரண்பாடு எப்போது பொருள்படும்?

இம்முறைக்கு எதிராக ஒரு வலுவான தடையை எழுப்பலாம். எல்லா முரண்களையும் ஆசிரியச் சார்பு என்று விளக்கிவிட்டால் எந்தப் பிழையும் பிழையாகாது. நிறுவனம் தன் கவனக்குறைவையெல்லாம் கலையாக விற்றுவிட முடியும்.

இத்தடையைச் சோதிக்க டாகர்ஃபால் ஆட்டமே தக்க களம். பேராற்றல் வாய்ந்த பொருள் ஒன்றை யாரிடம் ஒப்படைப்பது என்று ஆட்டக்காரர் தெரிவு செய்வதற்கேற்ப அதன் முடிவுகள் வேறுபட்டன. அடுத்த ஆட்டம் அவற்றுள் ஒன்றை மட்டும் உண்மையாகக் கொண்டிருந்தால் மற்ற ஆட்டக்காரர்களின் உழைப்பு பொய்யாகியிருக்கும். எனவே காலமே முறிந்து எல்லா முடிவுகளும் ஒருங்கே நிகழ்ந்தன என்று பின்னர் கூறப்பட்டது. காலத் தெய்வம் டிராகன் வடிவினது ஆதலால் இத்தகைய நிகழ்வு ‘டிராகன் முறிவு’ எனப்பட்டது. தோற்றத்தில் இது வணிகமும் தொழில்நுட்பமும் கோரிய சமாளிப்பே.

ஆயினும் ஒப்ளிவியன் ஆட்டத்தில் இந்நிகழ்வைப் பற்றிய அறிக்கை ஒன்று கிடைக்கிறது. பேரரசனின் ஒற்றர் படையைச் சேர்ந்த ஆவணக் காப்பாளர் உல்வியஸ் டெரோ அதை எழுதியுள்ளார். வளைகுடாப் பகுதியின் 44 சிற்றரசுகள் நான்காகக் குறைந்ததை அவ்வறிக்கை பதிவு செய்கிறது. பேரரசு அந்நிகழ்வுக்குச் சூட்டிய பெயர் ‘அமைதியின் அற்புதம்’ என்பது. நாற்பது நாடுகள் வரைபடத்திலிருந்து மறைந்தமை, எஞ்சியோரின் மொழியில் அமைதியாகிறது. சமாளிப்பாகப் பிறந்த கருத்து இங்கு வெற்றியாளரின் சொல்லாட்சி குறித்த கூர்மையான குறிப்பாக மாறுகிறது.

இதிலிருந்து ஓர் அளவுகோல் பெறலாம். முரண்படும் கூற்றுகளால் யாரேனும் எதையேனும் பெறவோ இழக்கவோ செய்யும்போது அம்முரண் பொருளுடையது. நெரெவாரின் மரணத்தில் ஒரு சமயத்தின் தகுதியே அடங்கியுள்ளது. 44 சிற்றரசுகளின் மறைவில் ஓர் அரசின் நியாயம் அடங்கியுள்ளது. சிரோடீலின் காட்டு விவகாரத்தில் இத்தகைய இழப்பு குறைவு, ஆதலால் அது அறிவுக்கு விருந்தாகி நின்றுவிடுகிறது. எவருக்கும் எந்த விளைவுமற்ற ஆண்டுப் பிழைகளும் பெயர் மாற்றங்களும் பிழைகளே. அவற்றுக்குத் தத்துவம் தேடுவது வீண்.

தொடர் தன்னையே கேள்வி கேட்கவும் தயங்கவில்லை. முதல் ஊழியில் 1008 ஆண்டுகள் நீடித்ததாகக் கூறப்படும் டிராகன் முறிவு நிகழவே இல்லை என்று வாதிடும் நூல் மோரோவிண்டில் உள்ளது. அதன் ஆசிரியர் ஃபால் ட்ரூன், அம்முறிவு அறிஞர் ஒருவரின் பிழையில் பிறந்து, பிறர் சரிபாராமல் எடுத்தாண்டதால் நிலைபெற்றது என்கிறார். ஒருவர் எழுதியதை மற்றவர் படியெடுப்பதால் வரலாறு உருவாகும் விதத்தை இதனினும் தெளிவாக ஓர் ஆட்டம் சுட்டுதல் அரிது.

பின்வந்தவர் செல்லும் வழி

மேற்கண்டவற்றால் பின்வந்த வாசகருக்கு ஒரு நடைமுறை புலப்படுகிறது. முதலாவதாக, 4450 ஆண்டுகளையும் வரிசையாகக் கற்கத் தேவையில்லை. செம்மலைப் போர் போன்ற ஒரு நிகழ்வைத் தேர்ந்து, அதைப் பற்றிய எல்லா நூல்களையும் அருகருகே வைத்துப் படித்தல் மிகுந்த பயன் தரும். இரண்டாவதாக, ஒவ்வொரு நூலிலும் செய்தியை நோக்குமுன் ஆசிரியரின் இனம், புரவலர், எழுதிய ஊழி ஆகியவற்றை நோக்கவேண்டும். மூன்றாவதாக, நூல் எந்த ஆட்டத்தில், எவ்விடத்தில் கிடைத்தது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். 1995இல் தொடங்கி ஆர்வலர்களால் பேணப்பட்டுவரும் இணையத் தொகுப்பு, நூல்களை ஆட்டவாரியாகப் பிரித்து வைத்திருப்பதால் இதற்கு உதவும். சுருக்கங்களை இறுதியில் படிக்கலாம். அப்போது அவற்றின் ஒவ்வொரு வாக்கியமும் யாருடைய தரப்பு என்று வாசகரால் சொல்ல முடியும்.

பின்வருதலில் ஒரு நன்மையும் உண்டு. 1996இன் பாடத்தையும் 2011இன் பாடத்தையும் ஒருங்கே மேசைமேல் வைத்து ஒப்பிடும் வாய்ப்பு, ஆட்டங்கள் வெளிவந்தபோதே ஆடியவர்க்கு இல்லை. தொடக்கம் முதல் உடன்வந்தவர் நினைவை நம்புகிறார். பின்வந்தவர் ஏடுகளை நம்பியாக வேண்டும்.

முடிவுரை

இத்தொடருக்குப் பெயர் தந்த தொன்மையான சுருள்களைப் பற்றிய நூல்களும் ஆட்டங்களில் உள்ளன. அச்சுருள்களைப் படிக்கும் துறவியர், படிக்கப் படிக்கப் பார்வையை இழந்து இறுதியில் குருடராகின்றனர். ஸ்கைரிமில் கிடைக்கும் ஒரு சிறுநூலில், பேரரசின் நூலகத்தைச் சேர்ந்த ஒருவர் சுருள் ஒன்று களவுபோனது எனக் கேள்வியுற்று, சுருள்களுக்கு அட்டவணை உண்டா என்று தேடுகிறார். அட்டவணை இல்லை. தாமே எண்ண முயல்கிறார். எண்ணுந்தோறும் கணக்கு மாறுகிறது.

நூலகத்தாருக்கு அச்சமூட்டும் இக்கதை, எல்டர் ஸ்க்ரோல்ஸ் தொடரின் கதையுலக வரலாற்றை அணுகுவோர்க்கு நல்ல எச்சரிக்கை. முழுப் பட்டியல் ஒன்றைக் கையில் பெற்றபின் உள்ளே நுழைய நினைப்பவர் வாசலிலேயே நிற்க நேரும். ஒரு நூலைத் திறந்து, இதை யார் எழுதினார், இதனால் யார் பயன் பெற்றார் என்று கேட்பவர் அப்போதே உள்ளே வந்துவிடுகிறார். வென்றவரின் கையேட்டை மட்டும் படித்துவிட்டு ஒரு நாட்டை அறிந்ததாக எண்ணாத பழக்கம், கற்பனை நாடுகளுக்கு மட்டும் உரியதன்று.